கோபுரம் சாயுது, கை நிமிர்த்துது

போன இதழ்ல சும்மா ரெண்டு வரிதான் எழுதினேன், நாலு பேரா சேர்ந்து நோட்டுப் புத்தகத்த தூக்கிட்டு பேராக் மாநிலத்து தெலுக் இந்தான் பழைய கடைத்தெருவுல ஒரு நாள் உக்காந்து வரைஞ்சு பாருங்களேன்னு. அதுக்கு வந்திருக்கிற வாட்சப் கேள்விய எல்லாம் பார்த்தா ராசிபலன் எழுதுறவருக்கே பொறாமை வந்துரும் போல. எல்லாத்துக்கும் எடம் இல்ல, ஒரே மாதிரி கேட்டவங்கள ஒண்ணா சேர்த்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், வணக்கம். முன்ன நாங்க எல்லாரும் தோட்டத்துல, லயத்து வரிசை வீட்டுல இருந்தவங்க, இப்ப தாமான்ல, அதான் வீடமைப்புப் பகுதியில இருக்கோம். கோயில் பசங்க, அவங்க அம்மா அப்பா, வேலைய விட்டு நின்ன எங்க அப்பா எல்லாம் சேர்த்தா ஒரு பதினஞ்சு பேர் தேறும். ஒருத்தருக்கும் வரையத் தெரியாது, ஆசை மட்டும் இருக்கு. பசங்க என்னடான்னா போனா பினாங்குதான் போகணும்ங்கறாங்க. எப்படி ஆரம்பிக்கிறது, எங்க போறது, என்ன வாங்குறது?
– ஒரு வாசகி, ஊத்தான் மெலிந்தாங்

பதில்: பினாங்கு எங்கயும் ஓடிடாது தங்கச்சி. ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிருச்சு, அதுங்கள பார்த்துக்க ஆள் இருக்கு, வரையறதுக்கும் வருசம் பூரா கூட்டம் இருக்கு. நீங்க விடியக்காலையில வேன் எடுத்தாலும் அங்க போய் எறங்கி, பொடிசுங்கள ஒண்ணுக்கு விட்டு, ரொட்டி சானாய் சாப்பிட்டு நிமிரும்போது நல்ல வெளிச்சம் போயிருக்கும், அப்புறம் சுவத்துல இருக்கிற சைக்கிள் ஓவியத்து முன்னால வரிசையில நின்னு போட்டோ எடுத்துட்டு திரும்பி வந்துருவீங்க. அந்த ஓவியத்த நான் கொறை சொல்லல. ஆனா அது இன்னொருத்தர் ஏற்கனவே வரைஞ்சு முடிச்சது, அதுல நீங்க பார்க்குறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? மொதல் தடவைக்கு தெலுக் இந்தான் தாராளமா போதும், அதுவும் முழு ஊரு வேணாம், ஒரு ரோட்டுல ஒரு பக்கம்.

ஒருத்தருக்கும் வரையத் தெரியாதுன்னு கவலைப்படுறீங்க, அது ரொம்ப நல்ல விசயம். பாதி தெரிஞ்சவர் ஒருத்தர் கூட வந்தாத்தான் தொல்லை, அவர் மத்தவங்க தோளுக்கு மேல எட்டிப் பார்த்து திருத்த ஆரம்பிச்சிடுவார், பத்து நிமிசத்துல பாதிப் பேர் புத்தகத்த மூடிடுவாங்க. கட்டடத்த நேர்ல பார்த்து வரையிறது எந்தக் காலத்துலயும் இருந்ததுதான், ஆனா அதுக்குன்னு உலகம் பூரா ஆளுங்க கூட்டமா சேர ஆரம்பிச்சது 2007-க்கு அப்புறம். அமெரிக்காவுல சியாட்டல் பத்திரிகை ஒண்ணுல வேலை பார்த்த கேப்ரியல் கம்பனாரியோங்கற ஸ்பெயின்காரர் இன்டர்நெட்ல ஒரு குழுவா ஆரம்பிச்சார், அர்பன் ஸ்கெட்சர்ஸ்னு பேரு, பினாங்குல கூட கிளை இருக்கு. அவங்க விதி என்னன்னா எடத்துக்கே போய் கண்ணால பார்த்து வரையணும், முன்னால இருக்கிறதுக்கு உண்மையா இருக்கணும், எந்த எடம் எந்த நேரம்னு அந்தப் படம் சாட்சி சொல்லணும். அழகா வரணும்னு அந்த விதியில எங்கயும் இல்ல, தேடிப் பார்த்துக்குங்க.

சரி, ஏற்பாட்டுக்கு வர்றேன். காலையில எட்டு மணிக்கு எல்லாரும் ஒரு கடையில கூடிடுங்க, பகல் பன்னெண்டரைக்கு முடிச்சிடுங்க. முழு நாள்னு திட்டம் போடாதீங்க, நம்ம ஊரு நிலநடுக்கோட்டுக்கு வடக்க 4 டிகிரிதான், பதினொண்ணு தாண்டிட்டா வெயில் உச்சந்தலைய நோக்கி ஏறிரும், சுவத்துல இருக்கிற பூ வேலை, ஜன்னல் சட்டம் எல்லாம் நிழல் இல்லாம தட்டையாப் போயிடும், மூணு மணிக்கு மேல மழை. காலையில சாஞ்ச வெயில் அடிக்கும்போதுதான் ஒவ்வொரு சின்ன விளிம்பும் தனியாத் தெரியும். அதனால போறதுக்கு முன்னால யாராச்சும் ஒருத்தர் போய் ரோட்டுல எந்தப் பக்கத்துக்கு காலை வெயில் விழுது, எதிர்ப்பக்கம் உக்கார நிழல் இருக்கான்னு பார்த்துட்டு வந்துருங்க. ஏற்பாட்டுல முக்காவாசி இது ஒண்ணுதான்.

எறங்கின உடனே பெரிய படத்துல கை வைக்க விடாதீங்க. முதல்ல ஆளுக்கு மூணு சின்னப் படம், தீப்பெட்டி அளவுல, ஒண்ணுக்கு அஞ்சு நிமிசம், அதுக்கு மேல கிடையாது. தீப்பெட்டி அளவுல ஜன்னல் கம்பிய எல்லாம் வரைய முடியாது, அதனால கண்ணு தானா பெரிய விசயத்த மட்டும் எடுக்கும், எது கருப்பு எது வெள்ளை, கூரை எங்க முடியுது, வானம் எவ்வளவு. மூணுல எது பிடிச்சிருக்கோ அதே எடத்துல உக்காந்து ஒரு ஒண்ணரை மணி நேரம் பெரிசா வரையட்டும். எடம் மாத்திக்கிட்டே இருக்கக் கூடாது. கூட்டமாப் போனா இந்தப் பைத்தியம் வரும், அங்க ஒரு கோயில் இருக்காம் இங்க ஒரு மார்க்கெட் இருக்காம்னு. அது டூர், அதுக்கு நோட்டுப் புத்தகம் எதுக்கு?

எங்க உக்கார்றதுன்னு கேட்டா, காக்கி லீமாவுக்குள்ளயே, அதான் கடைங்களுக்கு முன்னால கூரை போட்ட நடைபாதையிலயே, உக்காருங்கன்னு சொல்வேன், தூணுக்குப் பக்கத்துல, நடக்குறவங்களுக்கு வழி விட்டு. நீள வாக்குல பார்த்தீங்கன்னா தூண், தரை, மேல உத்தரம் எல்லாம் ஒரே புள்ளியில போய் சேரும், அந்தப் புள்ளி உங்க கண்ணு உயரத்துல இருக்கும், ஸ்டூல்ல உக்காந்திருந்தா எதிர்ல நிக்கிற ஆளோட இடுப்பு உயரம்னு வச்சுக்குங்க. கண்ணுக்கு மேல இருக்கிற கோடு எல்லாம் அந்தப் புள்ளிய நோக்கி எறங்கும், கீழ இருக்கிறது எல்லாம் ஏறும். இது ஒண்ணு புரிஞ்சா போதும், பத்து வயசுப் பையனுக்கும் அந்த நடைபாதை வந்துரும். இந்த காக்கி லீமாவுக்கே ஒரு கதை இருக்கு, 1822-ல சிங்கப்பூருக்கு ஊர்த் திட்டம் போட்டப்பதான் ராஃபிள்ஸ் ஒவ்வொரு கடைக்கும் முன்னால கூரை போட்ட நடைபாதை விடணும்னு வச்சார். கோலாலம்பூர் 1881-ல தீப்பிடிச்சு எரிஞ்ச பின்னால செங்கல், ஓடுன்னு கட்டச் சொன்னாங்க, அந்த மாதிரி கடைவீடு பின்னால நம்ம மாதிரி சின்னப் பட்டணம் வரைக்கும் வந்து சேர்ந்துச்சு.

எதிர்ப்பக்கம் உக்காந்து கடைவரிசைய வரையிறவங்க ஒரே ஒரு கடைய மட்டும் சரியா அளந்து போடட்டும். பழைய கடைவீடு முகப்பு ஒடுக்கம், உள்ளதான் நீளம், சுவத்துக்கு சுவரு மர உத்தரம் எட்டுற தூரம்தான் அகலம், அதனால பக்கத்துப் பக்கத்து கடை எல்லாம் அநேகமா ஒரே அகலம். ஒண்ணு சரியா வந்துட்டா மத்தது தானா வரும். மாடியில இருந்து ஆரம்பிங்க. கீழ பேனரு, ஏர்கோன் பெட்டி, நிறுத்தி வச்ச மோட்டோர்னு கண்ணக் குழப்பும், மேல ஏறிட்டா பழைய கட்டடம் அப்படியே இருக்கும், பலகைச் சட்டம் வச்ச ஜன்னல், நெத்தியில சிமெண்டு பூ, சிலதுல கட்டின வருசம். சில மாடியில ஜன்னல செங்கல் வச்சு அடைச்சு சின்னச் சின்ன ஓட்டை மட்டும் விட்டிருப்பாங்க, உள்ளேர்ந்து ஸ்பீக்கர்ல குருவிச் சத்தம் கேக்கும், அது சாப்பிட விக்கிற கூடு கட்டுற வாலிட் குருவிய வரவழைக்க. அதையும் அப்படியே வரைங்க. அசிங்கமா இருக்குன்னு கரண்டு வயர விட்டுட்டு வரையிறவங்கள எனக்குப் பிடிக்காது, வயர் இல்லாத தெரு மலேசியாவுல எங்க இருக்கு?

வாங்க வேண்டியது ரொம்ப கொஞ்சம். கைக்கு அடக்கமா அட்டை கெட்டியான ஒரு புத்தகம், ஒரு 2பி பென்சில், தண்ணி பட்டா கலையாத மை வச்ச ஒரு பேனா, மடக்குற ஸ்டூல், தொப்பி, கொசு மருந்து. டிங்கி கொசு காலையிலயும் சாயங்காலமும்தான் அதிகம் கடிக்கும், காக்கி லீமா ஓரத்து சாக்கடைப் பக்கம் உக்காருறவங்க கால மூடிக்குங்க. பொடிசுங்க ரெண்டு பேருக்கு ஒரு பெரியவர், மொத்தப் பேரும் ஒரே எடத்துல குந்திக்காதீங்க.

உங்க அப்பாவ பத்தி தனியா சொல்லணும். அவர் வரைய மாட்டேன்னு சொல்வார், விட்டுருங்க, வற்புறுத்த வேணாம். வரையிற பேரப் பிள்ளை பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்கார வைங்க. இது முன்ன மளிகைக் கடையா இருந்துச்சு, அங்கதான் சம்பளம் போட்டா வேட்டி எடுப்போம், மேல ஒரு பத்தர் இருந்தார்னு அவரு பாட்டுக்கு சொல்லிக்கிட்டே இருப்பார், அத அந்தப் பிள்ளை படத்து ஓரத்துல பென்சில்ல எழுதிக்கட்டும். கண்ணால பார்த்தது பேனாவுல, காதால கேட்டது பென்சில்ல, அப்பத்தான் பின்னால எது எதுன்னு குழம்பாது. தேதி, மணி, எங்க உக்காந்திருந்தீங்க, இத போடாத படத்துக்கு மதிப்பு பாதிதான்.

முடிச்ச பின்னால எல்லாப் புத்தகத்தையும் ஒரு மேசையில விரிச்சு வைங்க. பரிசு கிரிசு வேணவே வேணாம். ஒரே கடைய நாலு பேர் நாலு மாதிரி போட்டிருப்பாங்க, ஒருத்தர் கண்ணுக்கு கடைக்காரரோட பூனை பட்டிருக்கும், பக்கத்துல உக்காந்தவருக்கு அப்படி ஒரு பூனை இருந்ததே தெரிஞ்சிருக்காது. அந்தப் பேச்சு ஆரம்பிச்சா சாப்பாடு வர்ற வரைக்கும் ஓடும்.

கேள்வி: நான் படிவம் ரெண்டு படிக்கிறேன். தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்த பார்த்துப் பார்த்துதான் சார் வரைஞ்சேன், ஆனா படத்துல நேரா நிக்குது. அடுத்த தடவ சாய்ச்சேன், விழப் போற மாதிரி வந்துருச்சு. தம்பி சிரிக்கிறான்.
– ஒரு மாணவி, லங்காப்

பதில்: தம்பிய ஒரு தடவை வரையச் சொல்லு, அப்புறம் யார் சிரிக்கிறதுன்னு பார்ப்போம். அந்தக் கோபுரத்துக்கு முன்னால உக்காருற எல்லாருக்கும் இதே கதைதான் பாப்பா. கட்டடம்னா நேரா நிக்கணும்னு மூளைக்குள்ள ஊறிப் போச்சு, கண்ணு சாய்வப் பார்க்குது, கை நிமிர்த்திடுது. அது தெரிஞ்சு வேணும்னே சாய்ச்சா அளவு மீறிடுது.

இதுக்கு ஒரு வழி இருக்கு. கோபுரத்த தொடாத. முதல்ல பக்கத்துல நேரா நிக்கிற எதையாவது போடு, ஒரு விளக்குக் கம்பம், இல்ல எதிர்க்கடை மூலை. அதுக்கப்புறம் பென்சிலோட மேல் நுனிய ரெண்டு விரல்ல லேசாப் பிடிச்சு தொங்க விடு, கொத்தனார் தூக்குக் குண்டு விடுவாரே அந்த வேலை, ஒரு கண்ண மூடிக்கிட்டு அத கோபுரத்தோட அடி நடுவுக்கு நேரா கொண்டு வா. இப்ப உச்சி எங்க இருக்கு, பென்சிலுக்கு எவ்வளவு தள்ளி? அந்த எடைவெளி கோபுரத்து அடி அகலத்துல எத்தனை பங்குன்னு பாரு. அதையே தாள்ல போடு, லேசா ஒரு நேர்கோடு, அதுல இருந்து உச்சிப் புள்ளி தள்ளி, அடியையும் உச்சியையும் சேர்த்தா அதுதான் நடுக்கோடு. அதுக்கு மேலதான் மத்தது எல்லாம். இன்னொண்ணு, நிறையப் பேர் நடுக்கோட்ட சாய்ச்சுட்டு ஒவ்வொரு அடுக்குக் கூரையையும் தரைக்கு மட்டமா போட்டுடுவாங்க, அதனாலதான் விழுற மாதிரி ஆகுது. குடைய சாய்ச்சுப் பிடிச்சா அதோட விளிம்பும் கூடவே சாயுது இல்ல, கூரை விளிம்பும் அப்படித்தான் நடுக்கோட்டோட சேர்ந்து சாயணும். நீ நிக்கிற எடமும் முக்கியம், அது சாயுற பக்கத்துல இருந்தோ அதுக்கு நேர் எதிர்ல இருந்தோ பார்த்தா சாய்வு அவ்வளவாத் தெரியாது, பக்கவாட்டுல போய் உக்காரு.

கட்டினது 1885, லியோங் சூன் சோங்கற சீனக் கட்டடக்காரர். உயரம் 25.5 மீட்டர். வெளிய எண்ணினா எட்டு மாடி, உள்ள போனா மூணுதான். மேல தண்ணித் தொட்டி வச்சாங்க, ஊருக்குத் தண்ணி வேணும், தீப்பிடிச்சா அணைக்கணும், அந்தத் தண்ணிக் கனமும் அடியில இருக்கிற பொதபொத மண்ணும் சேர்ந்துதான் இப்படி சாஞ்சு போச்சு. ஆத்து வளைவுல இருக்கிற ஊரு, மண்ணு எப்படி இருக்கும்னு செம்பனைத் தோட்டத்துல நடந்த உனக்கு நான் சொல்லணுமா? படத்துல அடிப்பக்கம் வரையும்போது இத மனசுல வச்சுக்கோ, கனம் கீழ எறங்குற எடம் கருப்பா, அழுத்தமா இருக்கட்டும்.

கேள்வி: நான் தையல் கடை வச்சிருக்கேன். கொஞ்ச நாளைக்கு முந்தி ஒரு கூட்டம் வந்து என் கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாங்க. ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு கஸ்டமர் திரும்பிப் போயிட்டாங்க. கடைசியில படத்தப் பார்த்தா, நான் காசு போட்டு மாட்டின புது சைன்போர்டையே காணோம், ஏதோ பழைய காலத்து மரப் பலகை தொங்குது. நீங்க இந்த மாதிரி ஆளுங்களத்தான் கெளப்பி விடுறீங்க.
– ஒரு கடைக்காரர், தெலுக் இந்தான்

பதில்: அண்ணே, இதுல நான் முழுக்க உங்க பக்கம். காக்கி லீமா நடக்குறதுக்கு விட்ட வழி, அதுல பாதிய அடைச்சுக்கிட்டு கலை பண்றேன்னு சொன்னா யாரு ஒத்துக்குவா? வரையப் போறவங்களுக்கு இத இங்கயே சொல்லிடுறேன்: உக்காருறதுக்கு முன்னால உள்ள போய் முகத்தக் காட்டி "அண்ணே, அக்கா, கொஞ்ச நேரம் அந்தத் தூண் ஓரமா உக்காந்துக்கவா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்த வரிசையில எந்தக் கடையிலயாச்சும் தண்ணியோ நூல்கண்டோ ஏதாச்சும் வாங்குங்க. முடிச்ச பின்னால படத்த கடைக்காரர்கிட்ட காட்டாம எந்திரிச்சுப் போறது மரியாதை இல்ல, அவரு வீட்டத்தானே வரைஞ்சிருக்கீங்க.

சைன்போர்டு விசயம்தான் எனக்கு ரொம்ப கோவம். பழைய கட்டடம்னா எல்லாம் பழசா இருக்கணும்னு ஒரு எண்ணம், உள்ள ஒரு மனுசன் இன்னைக்கு தொழில் பண்றார், வாடகை கட்டுறார், எல்இடி லைட்டு போட்டு போர்டு மாட்டியிருக்கார், அத அழிச்சுட்டு மரப் பலகை தொங்க விட்டா அது ஸ்கெட்ச் இல்ல, சினிமா செட்டு. அடுத்த தடவ யாராச்சும் வந்து உக்காந்தா நீங்களே வெளிய வந்து போர்டுல ஒரு எழுத்து விடாம போடுங்கன்னு சொல்லுங்க, போன் நம்பரோட போடச் சொல்லுங்க, விளம்பரமாச்சு.

கேள்வி: கடை சீனருடையது, கோபுரம் சீனர் கட்டினது, ரோடு வெள்ளைக்காரன் போட்டது. பால்மரம் வெட்டின நம்மாளுக்கு அங்க வரையறதுக்கு என்ன இருக்கு?
– முன்னாள் தோட்டத் தொழிலாளி, பாகான் டத்தோ

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். அந்தக் கடைத்தெரு எப்படிப் பொழைச்சுச்சு? தோட்டத்துல சம்பளம் போட்டா லயமே லாரி ஏறி பட்டணம் வரும், அரிசி, பருப்பு, சீலை, பித்தளைச் சாமான், தீபாவளிக்கு நகை, கையில காசு இல்லாதப்ப அதே நகை அடகுக் கடையில. உங்க காசு இல்லாம அந்த வரிசையில பாதிக் கடை வெளக்கு எரிஞ்சிருக்காது. அடகுக் கடை கவுண்டர் எவ்வளவு உசரம், கம்பி எவ்வளவு நெருக்கம், நிக்கிற ஆள் எப்படி அண்ணாந்து பார்க்கணும்னு நீங்க சொன்னா யாராச்சும் வரைவாங்க, அது உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்குத் தெரியும்?

ரயிலையும் மறந்துட்டீங்க. தாப்பா ரோட்டுல இருந்து அப்ப தெலுக் ஆன்சன்னு பேரு இருந்த இந்த ஊருக்கு 1893-ல தண்டவாளம் வந்துச்சு, கிந்தா பள்ளத்தாக்கு ஈயம் எல்லாம் அதுல ஏறி ஆத்துத் துறைமுகத்துக்குப் போச்சு. அந்தக் காலத்து ரயில்வேயில ஸ்டேசன் மாஸ்டர், கிராணி வேலையில யாழ்ப்பாணத்தார் நிறைய. 1982-ல ஊர் பேர தெலுக் இந்தான்னு மாத்தினாங்க, 1989-ல ரயிலையும் நிறுத்திட்டாங்க. வட்டிக்கடை வச்சிருந்த நகரத்தார் கட்டின தெண்டாயுதபாணி கோயில் இருக்கு, சித்ரா பௌர்ணமிக்கு அங்க சேருற கூட்டத்துல நீங்களும் தோள்ல பிள்ளைய வச்சுக்கிட்டு நின்னிருப்பீங்க. கோயில வரையப் போறவங்க திருவிழா அன்னைக்குப் போகாம சாதாரண நாள்ல காலை பூசை முடிஞ்ச பின்னால போங்க, உள்ள உக்காருறதுக்கு ஐயர்கிட்டயும் நிர்வாகத்துலயும் கேட்டுக்குங்க.

அப்புறம் இதையும் சொல்லிடுறேன். பட்டணத்துக் கடைவீடாவது செங்கல், இன்னும் கொஞ்ச காலம் நிக்கும். லயம் நிக்காது. மறுநடவு, வீடமைப்பு, ஏதோ ஒண்ணு வந்து இடிச்சுட்டுப் போயிடுது. பலகைச் சுவரு, தகரக் கூரை, முன்னால திண்ணை, பின்னால குசினி, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக் களம், பிள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டாய், முனியாண்டி கோயில், இதெல்லாம் எங்க இருந்துச்சுன்னு ஞாபகத்துல இருந்து ஒரு மேப்பாவது போட்டு வைங்க. ஜெண்டராட்டா பக்கம் தெரிஞ்சவங்க இருந்தா இன்னும் விசேசம், 1906-ல டென்மார்க்காரர் வெஸ்டன்ஹோல்ஸ் ஆரம்பிச்ச தோட்டம், செம்பனைக் குலைய இழுக்குற சின்ன ரயில் தண்டவாளம் அங்க இருக்கு, அத ஒரு காலை பூரா உக்காந்து வரையலாம். ஆனா அது கம்பெனி நிலம், மேனேஜர் ஆபீஸ்ல முன்கூட்டியே அனுமதி வாங்காம வேன விட்டுடாதீங்க.

கேள்வி: வாட்டர்கலர் காயவே மாட்டேங்குது, பேப்பர் அப்பளமா வளையுது, பேனா கோடு எல்லாம் நீலமா ஓடுது. என்ன பண்றது?
– ஒரு ஆசிரியை, பீடோர்

பதில்: மூணுக்கும் மூணு காரணம். கோடு ஓடுறது மை பிரச்னை, ஆபீஸ் பேனா மை தண்ணியில கரையும், வாட்டர்புரூப்னு போட்டிருக்கிற பேனாவா பார்த்து வாங்குங்க, வாங்கின உடனே வீட்டுல ஒரு கோடு போட்டு ஈர விரல்ல தேச்சுப் பாருங்க. வளையுறது தாள் பிரச்னை, பள்ளிக்கூட வரைபடத் தாள் மெலிசு, தண்ணிக்கு 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள்தான் தாங்கும், வெலை கூடன்னா சின்ன சைஸா வாங்குங்க. காயாதது நம்ம காத்து, அதுல ஈரம் அவ்வளவு, மழை வர்ற மாதிரி இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, தண்ணிய கம்மியா எடுங்க, பிரசை துணியில ஒரு தடவ ஒத்திட்டு வைங்க, ஒரு பக்கம் காயுற நேரத்துல அடுத்த பக்கத்துல இன்னொண்ணு ஆரம்பிங்க. கலரும் எல்லா எடத்துக்கும் வேணாம் டீச்சர். நிழலுக்கு ஒரு நீலச் சாம்பல், ஓட்டுக்கு ஒரு செம்மண், அவ்வளவு போதும், சுவத்துக்கு தாளோட வெள்ளைய அப்படியே விட்டுடுங்க. காக்கி லீமாவோட உள் இருட்ட மட்டும் தைரியமா கருப்பாப் போடுங்க, அந்த இருட்டு இல்லாட்டி கடைவீடு காத்துல பறக்குற மாதிரி இருக்கும்.

கேள்வி: கைப்பேசியில ஒரு கிளிக், முடிஞ்சுது. இதுக்குப் போய் அரை நாளா? சரி, வரைஞ்சா மட்டும் கட்டடம் இடியாம இருந்துருமா?
– ஒரு இளைஞர், சித்தியவான்

பதில்: இருக்காது தம்பி. 1948 ஜனவரிக்கு முந்தி கட்டின கடைவீட்டு வாடகைய ஏத்த விடாம ஒரு சட்டம் பிடிச்சு வச்சிருந்துச்சு, 1966 சட்டம், 1997-ல அத நீக்கி 1999 கடைசியோட முழுசா முடிச்சாங்க, அதுக்கப்புறம் எத்தனையோ ஊர்ல பழைய குடித்தனக்காரங்க காலி பண்ணிட்டாங்க, கட்டடம் சும்மா கெடந்து ஆலமரம் மொளைச்சுச்சு. 2005-ல தேசிய பாரம்பரியச் சட்டம் வந்துச்சு, ஆனா எல்லாக் கடைவீட்டையும் அதுல சேர்த்துட முடியாது. உன் ஸ்கெட்ச் புத்தகம் புல்டோசர நிறுத்தாது, உண்மை. கிளிக் பண்ணுற போட்டோவும் எடு, யார் வேணாம்னா, ஆனா நீ எடுத்த போட்டோவுல மாடியில எத்தனை ஜன்னல், நடு ஜன்னலும் ஓரத்து ஜன்னலும் ஒரே அளவான்னு போன திறக்காம சொல்லு பார்ப்போம். வரைஞ்சவன் சொல்லுவான்.

கேள்வி: போலீஸ் ஸ்டேசன், கோர்ட்டு மாதிரி பழைய அரசாங்கக் கட்டடத்த வரையலாமா? யாராச்சும் பிடிச்சுட்டுப் போயிட்டா?
– பெயர் வேண்டாம், ஈப்போ

பதில்: ரோட்டோரம் உக்காந்து பழைய கட்டடத்த வரையிறதுக்கு யாரும் பிடிச்சுட்டுப் போக மாட்டாங்க. ஆனா துப்பாக்கியோட ஒரு ஆள் படம் போட்டு தமிழ் உட்பட நாலு மொழியில தடை செய்யப்பட்ட இடம்னு ஒரு போர்டு இருக்கும் பாருங்க, அது இருக்கிற எடத்துல புத்தகத்தையே திறக்காதீங்க, 1959 சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. சந்தேகமா இருந்தா காவலர்கிட்ட கேளுங்க. உங்க ஊர்லயே பிரச்னை இல்லாத கட்டடம் எவ்வளவோ இருக்கு, 1909-ல கட்டின பர்ச் மணிக்கூண்டு, ஹப்பக் வடிவமைச்ச ரயில்வே ஸ்டேசன், ரெண்டையும் எதிர்ல புல்தரையில உக்காந்து நிம்மதியா வரையலாம். மணிக்கூண்டு வரையிறவங்க அந்த பர்ச், பேராக்கோட முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட், செத்தது 1875-ல பாசீர் சாலாக்குலங்கறதையும் தெரிஞ்சுக்குங்க, எங்க தெலுக் இந்தான்ல இருந்து ஆத்தோட மேல போனா அந்த எடம்.

கேள்வி: கலர் வாங்க காசில்ல சார். கோப்பிய வச்சு கலர் அடிக்கலாம்னு யூடியூப்ல பார்த்தேன். நெசமா?
– பதிமூணு வயசு, ஊத்தான் மெலிந்தாங்

பதில்: நெசம்தான்டா. தண்ணியாக் கலந்தா வெளிர் பழுப்பு, கெட்டியாப் போட்டா கருப்புக்குப் பக்கத்துல வரும், பழைய பலகைக்கும் ஓட்டுக்கும் அத மிஞ்சின கலர் இல்ல. கடையில கேக்கும்போது கோப்பி ஓ கோசோங்னு சொல்லி வாங்கு. சீனி போட்டத அடிச்சேன்னா படம் காஞ்ச பின்னாலயும் பிசுபிசுன்னு பக்கம் ஒட்டிக்கும், ராத்திரி பைக்குள்ள எறும்பு வந்துரும். பாலு போட்டது வேணவே வேணாம், அத குடிச்சிரு.